எழும்பச் சொன்ன கடதாசி

பிள்ளைக்கு,

நீ கேட்ட நோட்டீஸை இந்த உறைக்குள் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். அதை இப்போது பிரிக்காதே. முதலில் இதை வாசி. கொஞ்சம் நீளும். முப்பது வருடம் மன்னார் டவுனில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இருந்து அடுத்தவர்களின் கடிதங்களைத் தட்டச்சு செய்தவன் நான். சொந்தக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வாசித்து முடித்தபின் இதை நீ யாருக்குக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கும் காட்டலாம், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் காட்டலாம்.

போன கிழமை நீ தொலைபேசியில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "அப்பா, தலைமன்னார் வீட்டை விக்கப்போறம். இப்ப இருக்கிற ரீச்சர் குடும்பத்தை எழுப்ப வேணும். அந்தப் பழைய நோட்டீஸ் உங்களிட்டை இருக்குத்தானே? பேரை மாத்தி ஒண்டு அடிச்சு அனுப்புங்கோ. முந்தி இருந்ததுகள் நாலே நாளில எழும்பிப் போனதுகள் எல்லோ." பிறகு சிரித்தாய். "அந்தக் கதிரைக் கதை, அப்பா!" என்றாய். நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் நான் எதற்குச் சிரித்தேன் என்று யோசித்தேன்.

அந்தக் கதையில் உனக்குத் தெரிந்தது அரைவாசி. மற்ற அரைவாசியை நான் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவள் ஊகித்திருக்கலாம்.

எங்கள் ஊரில் இந்த ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது என்று பார். காலையில் எழும்புகிறோம். பூசையில் சுவிசேஷம் வாசிக்கும்போது எழும்புகிறோம். வாடகை வீட்டை விட்டுப் போவதும் எழும்புவதுதான். பிள்ளையை எழுப்புகிறோம், சுவரை எழுப்புகிறோம், குடியிருக்கிறவர்களையும் எழுப்புகிறோம். இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு இதில் குழப்பம் வராது. அந்த வீட்டில் முன்பு குடியிருந்த றெஜினா இங்கே வளரவில்லை. ஐந்து வயதில் வள்ளத்தில் அக்கரைக்குப் போனவள். தமிழ்நாட்டு முகாமில் படித்து, அங்கேயே அருள்தாசைக் கட்டி, சண்டை முடிந்தபின் ஒரு குழந்தையோடு திரும்பி வந்தவள். பள்ளிக்கூடத் தமிழ் நன்றாக வாசிப்பாள். எங்கள் தமிழ் அவளுக்குப் புதிது. பக்கத்து வீட்டார் அவளுடைய 'உக்காருங்க'வைப் பழித்துச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்போது தலைமன்னாருக்கு இன்னும் ரயில் வரத் தொடங்கவில்லை. அருள்தாஸ் ஒருவரின் படகில் தொழிலுக்குப் போய்வந்தான். எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. உன் கலியாணம் சரிவந்ததும் சீதன வீட்டை வந்து பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் வருவதாகத் தகவல். அதற்குள் வீடு வெறுமையாக, வெள்ளையடித்து இருக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன். அவர்கள் அப்படிக் கேட்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். அது என் கௌரவம்.

நோட்டீஸை நானே எழுதினேன். எத்தனையோ எழுதியவன். விரல்கள் தாமாகவே அடித்தன.

இந்த இடத்தில் நீ தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது வீட்டின் உறுதிப் பத்திரம் உன் பெயரில் இருக்கிறது. வீட்டுக்காரி நீ. எங்கள் லோயர் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் ஒன்றைச் சொல்வார்: "நோட்டீஸ் எண்டது கதவில தட்டுறது. அவ்வளவுதான். திறக்கிறது உள்ளுக்க இருக்கிறவன்ரை விருப்பம். திறக்காட்டில் கோட்டுக்குப் போ. நீயாக் கதவை உடைச்சியோ, பிறகு நீதான் எதிராளி." நோட்டீஸ் கட்டளையல்ல. வாடகை ஒப்பந்தத்தை இன்ன நாளில் முடிக்கிறேன் என்று ஒருவர் மற்றவருக்கு எழுத்தில் அறிவிப்பது, அவ்வளவே. அந்த நாள் வந்தும் அவர்கள் போகாவிட்டால் வழக்குப் போடலாம். ஒருவரை வீட்டை விட்டு அனுப்புகிற அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். பூட்டை மாற்றுவது, கரண்டை வெட்டுவது, கூரைத் தகரத்தைக் கழற்றுவது எல்லாம் குற்றமாய் முடியும். மாத வாடகைக்கு இருப்பவருக்குக் குறைந்தது ஒரு முழு மாதம் கொடுக்க வேண்டும். முழு மாதம் என்றால் முப்பது நாள் எண்ணுவதில்லை. முதலாம் திகதிக்கு முன்னரே அவர்கள் கையில் கிடைத்து, அந்த மாதம் தொடக்கம் முதல் கடைசி வரை ஓட வேண்டும். சில வீடுகளுக்குச் சட்டம் இதைவிடக் கூடிய காலமும் தகுந்த காரணமும் கேட்கும். உன் வீடு எதில் சேரும் என்பதை என்னிடம் கேட்காமல் ஒரு சட்டத்தரணியிடம் கேள். இந்த விசயத்தில் என்னை நம்பாதே.

ஏனென்றால் றெஜினாவுக்கு நான் நோட்டீஸ் கொடுத்தது மாதத்தின் நடுவில். அதில் எழுதியது 'இம்மாத முடிவில்' என்று. அது செல்லாது. எனக்குத் தெரியும். பிழையாக அடித்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பிழையாக அடிக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது என்று தெரிந்துதான் அடித்தேன்.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். படலையடி நிழலில் ஒரு கழுதை படுத்திருந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். றெஜினா முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் வீட்டிலிருந்த இரண்டு கதிரையையும் கொண்டுவந்தாள். "உக்காருங்க சார். டீ போடட்டா?" வேண்டாம் என்றேன். "நீயும் இரு பிள்ளை," என்றேன். இருந்தாள், கதிரை நுனியில். கடதாசியைக் கையில் கொடுத்தேன். அவள் வாசிக்கத் தொடங்குமுன் நான் பேசினேன். வாசிக்க விட்டிருக்கலாம்.

"மாத முடிவிலை நீங்கள் எழும்ப வேணும், பிள்ளை."

எழும்பி நின்றாள்.

ஆம், அதுதான் கதிரைக் கதை. உன் கலியாண வீட்டில் நான் நடித்துக் காட்டிய கதை. உன் மாமியாருக்குச் சிரித்துப் புரைக்கேறியது. கடதாசியை இரண்டு கையாலும் பிடித்தபடி பள்ளிக்கூடப் பிள்ளை போல நேராக அவள் நின்றதை நான் நின்று காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். கதையை நான் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் சிரிப்பு இல்லை.

"இல்லை இல்லை, வீட்டை விட்டு எழும்ப வேணும்," என்றேன்.

"வீட்டக் காலி பண்ணணுமா சார்?"

"ஓம்."

அவள் பிறகு இருக்கவில்லை. கதிரை பக்கத்திலேயே இருந்தது. கடதாசியை மேலிருந்து கீழே பார்த்தாள், என் கையெழுத்தில் கண் நின்றது. "எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். ஏன், எதற்கு, எங்கே போவது என்று ஒன்றும் கேட்கவில்லை. முகாமில் வளர்ந்தவளுக்குக் கையெழுத்து வைத்த கடதாசி வந்தால் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். பிரதியில் இடத்தைக் காட்டினேன். கையெழுத்து வைத்தாள். பிறகு, "இன்னைக்கேவா சார்?" என்றாள்.

அப்போதும் சிரித்தேன். "இண்டைக்கோ? இல்லைப் பிள்ளை, மாத முடிவுக்குள்ள."

முடிவுக்குள்ள. கவனித்தாயா? கடதாசியில் இருந்தது 'முடிவில்'. என் வாய் அதையும் குறைத்துவிட்டது.

நோட்டீஸ் வாங்கியதற்குக் கையெழுத்து வைப்பது, போக ஒப்புக்கொள்வதாகாது. கிடைத்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. எத்தனையோ பேருக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன். கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தோருக்கு வருவார்கள். கதிரையைக் காட்டுவேன். "இருங்கோ. பயப்பிடாதேங்கோ. இது கோட்டுக் கட்டளை இல்லை. எண்டைக்குக் கிடைச்சது எண்டு பின்பக்கம் எழுதி வையுங்கோ. வாடகையை நிப்பாட்டாதேங்கோ. பதில் எழுதுவம்." முன்பின் தெரியாதவர்களுக்குச் சொன்னேன். அந்தப் பின்னேரமும் எனக்கு நாக்கு இருந்தது.

நாலாம் நாள் அருள்தாஸ் கந்தோருக்கு வந்தான், வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுக்க. வாசலில் செருப்பைக் கழற்றினான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. "வீட்டைக் கழுவி விட்டிருக்கு சேர். அறை யன்னல்ல ஒரு கொளுக்கி உடைஞ்சு கிடந்தது, புதுசு போட்டிருக்கு." அரிப்புக் கிராமத்தில் அவனுடைய மாமா ஒருவர் இருக்கிறார், அவர் வளவில் தகரம் போட்டு இருக்கப்போவதாகச் சொன்னான். என்மேல் ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

அவன் போனதும் லோயர் தன் மேசையிலிருந்து நிமிர்ந்தார். "எழும்பிட்டினமோ?"

"ஓம் ஐயா."

"பிரதியைப் பாத்தனான். கோட்டில நிண்டிராது."

"தெரியும் ஐயா."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திறப்பைக் கொடுத்தேன். "ஊர் உலகத்துக்கெல்லாம் சட்டம் சொல்லுற மனுசன்," என்றாள். பாராட்டா, மற்றதா, தெரியவில்லை. திறப்பை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் அரசாங்க வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் எடுத்தார்கள். திரும்பி வந்த, சொந்தக் காணி இல்லாத குடும்பங்களுக்கு வீடு, ஆனால் அந்தப் பிரிவில் குடியிருக்க வேண்டும். கிராம அலுவலரான விதானையார் வீடு வீடாகப் போனார். றெஜினாவின் பெயர் முன்னரே பட்டியலில் இருந்தது. ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் மிச்சம். சில நாள் கழித்து அவர் வேறொரு அலுவலாகக் கந்தோருக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உங்கடை வீட்டில ஒரு குடும்பம் இருந்ததெல்லோ, அக்கரையால வந்ததுகள்? பூட்டிக் கிடந்தது. பேரை வெட்டிட்டன்." அவர்மேல் பிழை இல்லை. பூட்டிய வீட்டைப் பூட்டிய வீடு என்று எழுதினார்.

அருள்தாசின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. விதானையார் அப்போதும் என் முன்னால்தான் இருந்தார். 'ஐயா, அவையள் போனது என்ரை பிழை. சட்டப்படி அவையள் இப்பவும் அந்த வீட்டில இருக்க வேண்டியவை' என்று ஒரு வசனம். அவ்வளவும் போதும். சொன்னால் செல்லாத நோட்டீஸை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். கலியாணத்துக்கு இரண்டு கிழமை. தேத்தண்ணி வந்தது. குடித்தோம்.

அந்த ஞாயிறு கோயிலில் உன் கலியாண ஓலையை மூன்றாம் முறை கூறினார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று பங்குச் சுவாமி வாசித்தார். சிறுவயதிலிருந்து கேட்ட வசனம். அன்றுதான் காதில் விழுந்தது. அதுவும் ஒரு நோட்டீஸ்தான். மூன்று ஞாயிறு வாசிக்கிறார்கள். ஒருமுறை தவறவிட்டவர் மறுமுறை கேட்கலாம். கடைசி வசனம் மறுத்துப் பேச வாசலைத் திறந்துவிடுகிறது. என் மகளுக்கு மூன்று ஞாயிறு. றெஜினாவுக்கு நாலு நாள். தடை தெரிந்த ஒரே ஆள் நான், முதல் வாங்கு வரிசையில் பட்டு வேட்டியோடு இருந்தேன்.

நீ அந்த வீட்டில் இருந்தது பதினொரு கிழமை. குற்றமாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை, போகத்தான் வேண்டும். வீடு பிறகு ஒரு வருடம் பூட்டிக் கிடந்தது. உப்புக் காற்றில் புது வெள்ளை உரிந்தது. பார்க்கப் போகும்போதெல்லாம் அறை யன்னலைத் திறப்பேன். அந்தக் கொளுக்கி மட்டும் துருப்பிடிக்கவில்லை. நல்ல கொளுக்கி வாங்கியிருக்கிறான்.

நீ தொலைபேசியில் பேசிய மறுநாள் நான் அரிப்புக்கு பஸ் எடுத்தேன். அம்மாவிடம் லோயரின் அலுவல் என்றேன். கோயிலடியில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே மாமாவின் வளவு, அதே தகரம். றெஜினா என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள். அருள்தாஸ் தொழிலுக்குப் போயிருந்தான்.

"ஐயாவோ! வாங்கோ, வாங்கோ. இருங்கோ."

உக்காருங்க இல்லை. சார் இல்லை. அவளுடைய தமிழ் முழுக்க எங்கள் தமிழாகியிருந்தது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். சிரித்தாள். "இப்ப எனக்கு எழும்பு எண்டாலும் விளங்கும் ஐயா. அண்டைக்கு நிண்டனே, கதிரையை விட்டு! நினைச்சால் இப்பவும் வெக்கம்."

வெட்கம் அவளுக்காம்.

வந்த காரணத்தை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்த நோட்டீஸில் ஒரு பிழை இருந்தது என்று தொடங்கியிருப்பேன். அவள் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையோடு வந்தாள். முகாம் அட்டை, குழந்தையின் பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், அதற்கிடையில் என் கடதாசி. மடிப்புக் கலையவில்லை. "நான் ஒரு கடதாசியும் எறியிறேல்லை ஐயா. எறிஞ்சதைத்தான் அடுத்த கந்தோரில கேப்பினம்." நீட்டினாள். "எங்க பிழை?"

திகதியைக் காட்டினேன். வரி வரியாகச் சொன்னேன், கந்தோரில் மற்றவர்களுக்குச் சொல்வதுபோல. இது கட்டளை இல்லை. இந்த மாதம் கணக்கில் வராது. இங்கே நீ வைத்த கையெழுத்துக்கு இதுதான் அர்த்தம். அவள் என் விரல் போன இடமெல்லாம் பார்த்தாள்.

"அப்ப நாங்கள் இருந்திருக்கலாமோ?"

"ஓம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அடுத்த மாத முடிவு மட்டும் எப்பிடியும். அதுக்குப் பிறகும் நான் கோட்டுக்குப் போகாமல் உங்களை எழுப்பேலாது."

வெளியே யாரோ வலை உதறும் சத்தம். "விதானையார் வந்தது அந்த மாதக் கடைசியில," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, கடதாசியிடம் சொன்னாள்.

"ஓம் பிள்ளை. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பைக்குள் வைத்தாள். பையின் வாயைக் கட்டினாள். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். அதற்குத்தானே போனேன். அவள் சொன்னது இது: "இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ ஐயா. அந்த வீட்டை விட்டு வரேக்க யன்னலுக்குக் கொளுக்கி போட்டிட்டு வந்தவர். நல்ல மாதிரி எழும்பி வந்தம் எண்டு இப்பவும் சொல்லுவார்."

எழும்பினேன். வேறென்ன செய்வது.

"எங்கை எழும்பிட்டீங்கள்? இருங்கோ. தேத்தண்ணி ஊத்திறன்."

இருந்தேன்.

திரும்பி வந்து பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மறுபடி அரிப்புக்குப் போய் அவளிடம் கையெழுத்து வாங்கினேன். கூடவே என் பெயரில் இன்னொன்று: அந்தக் குடும்பம் விரும்பி ஊர் மாறவில்லை, வீட்டுக்காரனாகிய நான் சட்டப்படி செல்லாது என்று தெரிந்தும் கொடுத்த நோட்டீஸால் போனார்கள் என்று. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஏதும் ஆகுமா தெரியாது. பட்டியல்கள் முடிந்து எவ்வளவோ காலம்.

இனி, உன் நோட்டீஸ். பிரித்துப் பார். பழையதில் பெயரை மாற்றி அடிக்கவில்லை. திகதி போடவில்லை. எந்த மாதமானாலும் ஒரு முழு மாதத்துக்குக் குறையாமல் போடு. அந்த ரீச்சரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத் தவணை எப்போது முடிகிறது என்று கேட்டுப் போடு. கீழே இரண்டு வசனம் கூட்டியிருக்கிறேன். 'இது நீதிமன்றக் கட்டளையல்ல. இதில் உங்களுக்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்.' லோயர் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, ஓலை கூறுறியோ?" என்றார். வெட்டவில்லை.

கையெழுத்தும் போடவில்லை. அது உன்னுடைய இடம். விற்பது உன் உரிமை, அதைத் தடுக்க நான் யார். ஒன்றுதான் கேட்கிறேன். தபாலில் போடாமல் ஒருதரம் நீயே தலைமன்னாருக்கு வா. கடதாசியைக் கையில் கொடு, வாசிக்க விடு. வாசித்து முடியும்வரை பேசாதே. வீட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று அவர்கள் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவருவார்கள். இருங்கோ என்பார்கள்.

இரு, பிள்ளை.

அப்பா